சர்வீஸ் போடத் தெரிந்த பிள்ளை



பூப்பந்துப் போட்டிகளுக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒன்றைக் காண்கிறேன். ஓடுவதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஓங்கி அடிப்பதிலும் குறைவில்லை. சர்வீஸ் போடும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். பந்து வலையில் மோதுகிறது. தாண்டினாலும் கோட்டுக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. எதிராளி மட்டையை அசைக்காமலேயே புள்ளி வாங்கிக்கொள்கிறான்.

இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. லயத்து வாசலில் வலையுமில்லை, கோடுமில்லை. பந்தை எப்படியாவது அந்தப் பக்கம் தள்ளினால் ஆட்டம் தொடங்கிவிடும். அந்தப் பழக்கமே போட்டிக்கும் வருகிறது.

அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். தவறாகப் போட்டால் சர்வீஸ்தான் கைமாறும். 2006ஆம் ஆண்டில் 21 புள்ளி முறை வந்தபோது அது மாறிவிட்டது. சர்வீஸில் தவறினால் எதிராளிக்கு உடனே ஒரு புள்ளி. ஐந்து முறை தவறினால் ஐந்து புள்ளிகளைத் தானம் செய்துவிட்டோம் என்று பொருள்.

சரி, விதி என்ன சொல்கிறது? இரண்டு கால்களும் தரையில் அசையாமல் இருக்க வேண்டும். கோட்டை மிதிக்கக் கூடாது. நம் புள்ளி இரட்டைப்படையாக இருந்தால் வலப்பக்கம், ஒற்றைப்படையாக இருந்தால் இடப்பக்கம் நின்று, குறுக்காக எதிர்க்கட்டத்துக்குப் போட வேண்டும். மட்டை முதலில் பந்தின் தக்கையில் பட வேண்டும், இறகில் அல்ல. 1980களின் தொடக்கத்தில் நம் நாட்டு சிடேக் சகோதரர்கள் இறகில் பட அடித்து உலகத்தையே திணற வைத்தார்கள். அதன்பிறகே அந்த சர்வீஸ் தடை செய்யப்பட்டது. பந்தை விரலால் சுழற்றிவிட்டுப் போடும் முறைக்கும் 2023இல் தடை வந்தது.

இன்னொன்று உயரம். முன்பு இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டும் என்றிருந்தது. 2018இல் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே என்று அளவு வைத்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறையத் தோள் உயரம். இருந்தாலும், பிள்ளைகளே, இடுப்புக்குக் கீழே அடித்தே பழகுங்கள். எந்த நடுவர் வந்தாலும் பயமில்லை.

முதலில் புறங்கைச் சர்வீஸைக் கற்றுக்கொள்ளுங்கள். முன்கோட்டுக்கு அருகில் நில்லுங்கள். கட்டைவிரலைப் பிடியின் அகலமான பக்கத்தில் வையுங்கள். பந்தை இறகின் நுனியில் இரண்டு விரலால் மெல்லப் பிடித்து மட்டைக்கு முன்னால் வையுங்கள். பிறகு அடிக்காதீர்கள், தள்ளுங்கள். பிடியை இறுக்கினால் கை விறைத்து, பந்து மேலே எகிறும். பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவக் கை எவ்வளவு பதமாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அதே பதம்தான் இங்கும்.

பயிற்சிக்கு மண்டபம் தேவையில்லை. துணி காயப்போடும் கயிறு போதும். தரையிலிருந்து 1.55 மீட்டரில் ஒரு கயிறு, அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு கயிறு கட்டுங்கள். கயிற்றிலிருந்து இரு பக்கமும் 1.98 மீட்டர் தள்ளிச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். எதிர்க்கோட்டைத் தாண்டி ஓர் அட்டைப்பெட்டி. பந்து இரண்டு கயிற்றுக்கும் நடுவே புகுந்து பெட்டியில் விழ வேண்டும். தினமும் இருபது முறை போட்டு, விழுந்ததை எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

பத்து பெரண்டாம் பக்கம் திறந்த திடலில் விளையாடுகிறவர்களுக்குக் காற்றுதான் எதிரி. பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். காலை வெயில் ஏறுமுன் பழகினால் காற்று குறைவாக இருக்கும். காற்று வீசினால் பந்தை உயரே தூக்காமல் தாழ்வாகவே போடுங்கள்.

“பந்தடித்து என்ன சோறு கிடைக்கப் போகிறது?” என்று சில பெற்றோர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எல்லாப் பிள்ளையும் பஞ்ச் குணாளன் ஆகிவிட முடியாது. அவர் 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். 1971இல் இங் பூன் பீயுடன் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும், 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கங்களையும் வென்றார். நம் காலத்தில் தீனா முரளிதரன், பெர்லி டானுடன் சேர்ந்து 2022இல் காமன்வெல்த் தங்கமும், 2025இல் உலகப் போட்டியில் வெள்ளியும் பெற்றார். இப்படிப்பட்டவர்கள் சிலரே.

ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தில் மற்ற எல்லா அடியும் எதிராளி அனுப்பும் பந்தைப் பொறுத்தது. சர்வீஸ் ஒன்றுதான் முழுக்க நம் கையில் இருப்பது. உயரமோ பலமோ விலையுயர்ந்த மட்டையோ அதற்கு வேண்டாம். பொறுமை இருந்தால் போதும். வகுப்பிலே பின்வரிசையில் உட்கார்ந்து வாய் திறக்காத பிள்ளைகூட, இருபதில் மூன்று விழுந்தது பன்னிரண்டு ஆகும்போது தலை நிமிர்கிறது. “பழகினால் எனக்கும் வரும்” என்று அது தெரிந்துகொள்கிறது. அந்த நம்பிக்கை கணக்குப் பாடத்துக்கும் உதவும்.

ஆகவே பெற்றோர்களே, இந்த வாரம் அந்தக் கயிற்றைக் கட்டிக் கொடுங்கள். வேலை முடிந்து வந்து ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று, பெட்டியில் விழுவதை நீங்களே எண்ணுங்கள். பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை.