பச்சை என்றால் அபாயம்

காதலியின் மேனியில் படரும் பசலையை விட்டுவிட்டால், தமிழில் பசுமை மங்கலச் சொல்தான். கிழக்கு ஆப்பிரிக்காவின் கால்நடை மருத்துவர்களோ செயற்கைக்கோள் படத்தில் பச்சை கூடினால் கலங்குகிறார்கள். காரணம், ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல்.

கென்யாவில் 1931-ல் கண்டறியப்பட்ட நோய் இது. வைரஸ் ஒளிந்திருக்கும் இடம் விசித்திரமானது. சில ஏடிஸ் கொசுக்களில் அது தாயிடமிருந்து முட்டைக்கே போய்விடுகிறது. ஆழமற்ற பள்ளங்களின் காய்ந்த மண்ணில் அந்த முட்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பெருமழையில் பள்ளம் நிரம்பினால் பொரிக்கும். கொசு கடித்த சினை மாடுகள் கன்று வீசும். ஆட்டுக்குட்டிகள் கொத்துக் கொத்தாகச் சாகும். வேறு இனக் கொசுக்களும் சேர்ந்துகொண்டு நோயைப் பரப்பும். நோயுற்ற விலங்கை அறுப்பவர்களுக்கும் ஈற்றுக்கு உதவுபவர்களுக்கும் ரத்தத்தின் வழியே தொற்றும்.

கொசுவை விண்வெளியிலிருந்து பார்க்க முடியாது, புல்லைப் பார்க்கலாம். செழித்த இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தாவரக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். வறண்ட நிலத்தில் அது வழக்கத்தைவிட உயர்ந்தால், மழை கொட்டியிருக்கிறது, பள்ளங்கள் நிரம்பியிருக்கலாம் என்று பொருள். பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து மாதங்கள் வரை முன்னதாகவே நோயைக் கணிக்கலாம் என்று கென்னத் லிந்திகமும் சகாக்களும் 1999-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்.

சோதனை 2006-ல் வந்தது. நாசாவின் அசாஃப் அன்யம்பா உள்ளிட்ட குழு எச்சரித்தது. டிசம்பரில் கென்யாவின் கரிஸ்ஸா பகுதியில் நோய் உறுதியானது. இரண்டு முதல் ஆறு வாரம் முன்னதாகவே கிடைத்த எச்சரிக்கை பலித்தது. ஆனாலும் கென்யாவில் மட்டும் 150 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சிக்கல் தடுப்பூசியில் இருக்கிறது. கால்நடைகளுக்கு அதை முன்கூட்டியே போட வேண்டும். நோய் பரவத் தொடங்கியபின் மந்தை மந்தையாகப் போட்டால், ஒரே ஊசி பல விலங்குகளில் ஏறும்போது வைரஸும் சேர்ந்து பரவும். கென்யாவில் ஊசி போடத் தொடங்கியது நோய் வந்த பிறகுதான். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டும் நோய் இது. வராமலும் போகலாம் என்கிற கணிப்பை நம்பி மருந்து வாங்கிவைக்க எந்த நிதித்துறை அதிகாரி கையெழுத்திடுவார்?

மூக்கில் ரத்தம் வடிவதைக் குறிக்கும் தனிப்பெயரே இந்நோய்க்குச் சோமாலி மேய்ப்பர்களிடம் உண்டு. கொசுக் கூட்டத்தையும் கன்று வீச்சையும் கண்டு ஆபத்தை அவர்கள் முன்பே உணர்ந்திருந்ததாகப் பிந்தைய ஆய்வு சொல்கிறது. செயற்கைக்கோளும் மேய்ப்பரும் ஒரே சேதியைச் சொன்னார்கள். அதைச் செயலாக்க வேண்டியவர்களிடம்தான் தாமதம்.

எந்த அறிகுறி தென்பட்டால் யார் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் வழிகாட்டி பின்னர் தயாரானது. நல்ல காரியம். அதற்குரிய பணத்தையும் மழைக்கு முன்பே ஒதுக்கினால்தான் அது மந்தைகளைக் காப்பாற்றும்.