தானியம் காக்க நஞ்சா?

கூலியாக வந்த நெல்லானாலும், ரேஷன் கடையில் வாங்கிய அரிசியானாலும், பாட்டாளி வீட்டில் அது இரண்டு மாதம் தங்குவதற்குள் வண்டும் அந்துப்பூச்சியும் பங்கு கேட்டு வந்துவிடுகின்றன. பண்ணையாருக்குப் பத்தாயம் உண்டு. நமக்கு இருப்பது ஒரு சாக்கும், ஒழுகும் கூரையும்தான். இந்த நிலையில், “மூட்டைக்குள் போடு, பூச்சி சாகும்” என்று யாரோ ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால், தொழிலாளி வாங்கி வருவதில் வியப்பென்ன?

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே போதும், பாஸ்பீன் என்னும் நச்சு வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவைக் கக்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில் ஒருவர் அதை வைத்தால், அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து. நாற்றம் வந்தால் விலகிக்கொள்ளலாம் என்று நம்பவும் வழியில்லை. நாற்றம் தெரியாமலும் அது ஆளைத் தாக்கும். தேர்ந்தவர்களின் மேற்பார்வையில்தான் இதைப் பயன்படுத்த வேண்டுமென்று விதி இருக்கிறது. ஆனால் விதி இருப்பது காகிதத்தில்!

உணவும் நஞ்சும் அருகருகே இருந்தால் என்ன நேரும் என்பதைக் கேரளம் 1958-ல் கண்டது. பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு காலத்தில் ‘பவுடர்’ என்று தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி.யை, நம் சர்க்கார் 1997-ல்தான் தடை செய்தது. அதுவரை அதைக் கையால் தூவியவர்கள் யார்? நம்மவர்கள்தானே!

பூச்சியின் பலம் ஈரத்தில் இருக்கிறது. அரிசி வண்டு மணியைக் குடைந்து உள்ளே முட்டையிட்டு வாயை மூடிவிடும். புடைத்தாலும் புழு போகாது. ஆனால் பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும்படி காய்ந்த நெல்லில் அது தழைப்பது கடினம். மெல்லப் பரப்பி நல்ல வெயிலில் காய வைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத டின்னில் நிறையக் கொட்டி இறுக மூடினால், உள்ளே மிஞ்சிய பூச்சியும் மூச்சு முட்டிச் சாகும். துவரைக்குச் செம்மண் கட்டிய நம் தாய்மார்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? பயறுக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவிப் புரட்டி வைத்தால் வண்டின் முட்டை பொரிக்காது. பழைய சாக்கை வெந்நீரில் அலசிக் காய வைப்பதும் அவசியம். நொச்சி, வேப்பிலை போடலாம்; ஆனால் ஈர நெல்லில் வேப்பிலையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனால் காய வைக்கக் களம் எங்கே? ஈரம் 17 சதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கக் கூடாது என்று கொள்முதல் நிலையத்துக்கு விதி. களமில்லாத ஊர்க்காரன் தார் ரோட்டில் நெல்லைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறான். வாங்கிய மூட்டைகளோ தார்ப்பாயின் கீழ் மழையில் நனைகின்றன. நனைந்ததில் பூச்சி, பூச்சிக்கு மருந்து, அந்த மருந்துக் காற்றில் மூட்டை தூக்கும் சுமைத் தொழிலாளி!

ஊருக்கு ஊர் சிமெண்டுக் களமும், கொள்முதல் நிலையந்தோறும் கூரையுள்ள கிடங்கும் சர்க்கார் கட்டித் தரவேண்டும். கிடங்கில் வாயு வைத்தால், அளவு கருவியால் சோதித்து, காற்று சுத்தம் என்று எழுதி ஒட்டிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். அதுவரை உள்ளே போக மறுக்கும் சுமைத் தொழிலாளிக்கு அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது.