ஆவணப்படம் எண்டால் பட்டமளிப்பு விழாவா?

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளைப் பற்றிய படம் எண்டால், எனக்கு ஒரு சின்னப் பயம் வரும். அடிமைத்தனம், அப்புறம் கல்வி, அப்புறம் புகழ்பெற்ற பழைய மாணவர்கள், கடைசியில் பட்டமளிப்புத் தொப்பிகள். கண் கலங்கும், படம் முடிஞ்சிடும்.

ஸ்டான்லி நெல்சனும் மார்கோ வில்லியம்ஸும் 2017இல் தந்த 'டெல் தெம் வீ ஆர் ரைசிங்' அந்தப் பயத்தைக் கொஞ்சம் போக்கியது. 1925இல் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கட வெள்ளையினத் தலைவரின் கெடுபிடிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்து, அவரைப் பதவி விலக வைத்தார்கள். 1972இல் சதர்ன் பல்கலைக்கழகப் போராட்டத்தின்போது இரண்டு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் மீதும் வழக்கில்லை. இந்த இரண்டு காட்சியும்தான் படத்தின் உயிர். கல்லூரி யாரோ போட்ட பிச்சை இல்லை. மாணவர்கள் கேள்வி கேட்டுக் கட்டினது.

ஆனா பணத்தின் கதையை இன்னும் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். 2023இல் அமெரிக்க மத்திய அரசே 16 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: முப்பது ஆண்டுகளில் தங்கள் கறுப்பின அரச பல்கலைக்கழகங்களுக்கு 12 பில்லியன் டொலருக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் எண்டு. இது தெரியாமல் இடிஞ்ச விடுதியைப் பார்க்கிறவர், 'அவர்களுக்கு நடத்தத் தெரியேல்லை' எண்டுதான் நினைப்பார்.

சாதனையாளர்களைக் காட்டுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா அடுத்த முறை கமெராவைக் கணக்குப் புத்தகத்துப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்கோ.