சைக்கிளுக்காக உடம்பை வளைப்பதா?

கடையில் இரண்டு சைக்கிள்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்றின் விலை 5 லட்சம் ரூபாய். மற்றொன்றின் விலை 3 லட்சம் ரூபாய்.

முதல் சைக்கிள் பளபளக்கிறது. பொத்தானை அழுத்தினால் கியர் மாறுகிறது. சக்கரங்கள் விலை உயர்ந்த கார்பன் சக்கரங்கள். இரண்டாவது சைக்கிளில் இந்த ஆடம்பரம் கிடையாது. சாதாரணச் சக்கரம். ஒயர் இழுத்துக் கியர் மாற்றும் பழைய முறை.

ஆனால் ஒன்று. வாங்க வந்தவருக்கு முதல் சைக்கிள் சற்றுப் பெரிது. இரண்டாவது சைக்கிள், அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகிறது.

எதை வாங்குவது?

பலருடைய கை முதல் சைக்கிளை நோக்கித்தான் நீளும். அது தவறு. உடம்புக்குப் பொருந்தும் சைக்கிள்தான் நல்ல சைக்கிள். பொருந்தாத சைக்கிள் எவ்வளவு உயர்ந்ததானாலும் பணம் வீண்.

மூன்று பந்தயம்

"சைக்கிளுக்கு 3 லட்சமா?" என்று வியப்பு உண்டாகலாம். இது கடைத்தெருவுக்குப் போகும் சைக்கிள் அல்ல. "டிரையத்லான்" பந்தயத்துக்கான சைக்கிள்.

இந்தப் பந்தயத்தில் முதலில் நீந்த வேண்டும். கரை ஏறியதும் சைக்கிள் ஓட்ட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். நடுவில் கடிகாரம் நிற்காது.

அமெரிக்காவில் சான்டியாகோ நகரில் 1974-ம் ஆண்டு இது பந்தயமாகப் பிறந்தது. 1978-ம் ஆண்டு ஹவாயில் "அயர்ன்மேன்" என்ற பெரிய பந்தயம் தொடங்கியது. "இரும்பு மனிதன்" என்று பொருள். முதல் ஆண்டில் 15 பேர் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள்.

அயர்ன்மேன் பந்தயத்தில் 3.8 கிலோ மீட்டர் நீந்த வேண்டும். 180 கிலோ மீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும். பிறகு 42.2 கிலோ மீட்டர் ஓட வேண்டும். இதில் பாதித் தூரம் உள்ள பந்தயம் 2019-ம் ஆண்டு கோவாவில் நடந்தது.

காற்றுதான் எதிரி

சமதரையில் வேகமாகச் சைக்கிள் ஓட்டுபவருக்குப் பெரிய எதிரி யார்? காற்று!

வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்றின் தடை நான்கு மடங்கு ஆகும். அந்தத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு சைக்கிளால் வருவது அல்ல. ஓட்டுபவரின் உடம்பால் வருவது.

ஆகவேதான் இந்தச் சைக்கிளில் நேராக உட்கார்ந்து ஓட்டுவது இல்லை. ஹேண்டில் பாரில் இரண்டு கம்பிகள் முன்னால் நீண்டு இருக்கும். முழங்கையை வைக்கச் சிறு மெத்தைகள் இருக்கும். அதில் கைகளை ஊன்றி, முதுகைத் தாழ்த்தி ஓட்ட வேண்டும். இடுப்பு மடங்கி நசுங்காமல் இருக்க, சீட்டும் சற்று முன்னால் தள்ளி இருக்கும்.

8 விநாடி வெற்றி

உடம்பை வைக்கும் முறை எவ்வளவு முக்கியம்? 1989-ம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகம் அதைக் கண்டது.

பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற "டூர் டி பிரான்ஸ்" சைக்கிள் பந்தயம் அது. ஜூலை 23, கடைசி நாள். பிரெஞ்சு வீரர் ஃபினியோன் 50 விநாடி முன்னால் இருந்தார். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் இரண்டாவது இடத்தில் இருந்தார். வெர்சாய் நகரில் இருந்து பாரிஸ் வரை 24.5 கிலோ மீட்டர். ஒவ்வொருவராகத் தனியே ஓட்ட வேண்டும்.

ஃபினியோனின் சைக்கிளில் இரண்டு சக்கரமும், போக்ஸ் கம்பி தெரியாமல் தட்டுப் போல மூடியவை. லெமாண்டின் சைக்கிளில் பின் சக்கரம் மட்டுமே அப்படி. ஆனால் அவருடைய ஹேண்டில் பாரில் முன்னால் நீண்ட கம்பி இருந்தது. டிரையத்லான் வீரர்களிடம் இருந்து வந்த சாதனம் அது. ஃபினியோனிடம் அது இல்லை.

லெமாண்ட் 58 விநாடி வேகமாக வந்தார். 3,285 கிலோ மீட்டர் ஓடிய பந்தயத்தை 8 விநாடியில் வென்றார்!

கம்பி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. சீட்டில் உட்காரும் இடத்தில் ஃபினியோனுக்குப் புண் இருந்தது. அதுவும் ஒரு பாடம்தான். உடம்பு வலித்தால் உயர்ந்த சக்கரம் காப்பாற்றாது.

அளப்பது எப்படி?

"நடுத்தர அளவு" என்று சைக்கிளில் எழுதியிருக்கும். அதை நம்பி வாங்கக் கூடாது. ஒரு கம்பெனியின் நடுத்தர அளவு, மற்றொரு கம்பெனியில் பெரிய அளவுக்குச் சமமாக இருக்கலாம்.

இரண்டு அளவுகளைக் கேட்க வேண்டும். பெடல் அச்சின் நடுவில் இருந்து, ஹேண்டில் பார் நுழையும் குழாயின் மேல் முனை வரை உயரம் எவ்வளவு? இதற்கு "ஸ்டாக்" என்று பெயர். அதே இடத்தில் இருந்து முன்பக்கம் தூரம் எவ்வளவு? இதற்கு "ரீச்" என்று பெயர். இந்த இரண்டு எண்களையும் வைத்து எந்தக் கம்பெனிச் சைக்கிளையும் ஒப்பிடலாம்.

ரீச் அதிகமானால் கையை எட்டி நீட்ட வேண்டும். தோள் வலிக்கும். கழுத்து வலிக்கும். வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்தால், காற்று மார்பில் மோதும். 2 லட்சம் கூடக் கொடுத்து வாங்கிய வேகம் அங்கேயே போய்விடும்! அதற்குப் பிறகு ஓட்டம் வேறு காத்திருக்கிறது.

"சீட்டை நகர்த்திச் சரி செய்யலாமே?" என்பார்கள் சிலர். சிறிய வேறுபாடு என்றால் செய்யலாம். ஆனால் சீட்டை நகர்த்தினால் முழங்காலின் நிலையும் மாறும். ஹேண்டில் பாரின் பிடியைக் குறைத்தால் சைக்கிள் திரும்பும் விதமும் மாறும். பிரேமை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவார்களா?

மிச்சப் பணம்

சக்கரத்தைப் பிறகு மாற்றலாம். கியரைப் பிறகு மாற்றலாம். பிரேம் பொருத்தமாக இருந்தால், கையில் பணம் சேரும்போது மற்றவை தாமாக வரும்.

மிச்சமாகும் பணத்துக்கும் வேலை இருக்கிறது. நல்ல ஹெல்மெட் வேண்டும். நல்ல டயர் வேண்டும். அனுபவம் உள்ளவரிடம் சைக்கிளை உடம்புக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். பந்தயக் கட்டணமும் பயணச் செலவும் உண்டு. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் நல்லது. குடும்பப் பணத்தில் வாங்கும்போது இதை மறக்கவே கூடாது.

விலை குறைந்ததே எப்போதும் நல்லது என்று பொருள் அல்ல. மலிவான சைக்கிள் பொருந்தாவிட்டால் அதுவும் நஷ்டம்தான். இரண்டும் பொருந்தினால், உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் வசதியும் எதற்கு எளிதில் கிடைக்கும் என்று பார்த்து வாங்கலாம். இரண்டும் பொருந்தாவிட்டால் வெறும் கையோடு திரும்புவதே புத்திசாலித்தனம்.

மற்றொன்றும் உண்டு. ஒலிம்பிக் டிரையத்லானில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதி உண்டு. அங்கே இந்த வகைச் சைக்கிளுக்கு இடம் இல்லை. சாதாரணப் பந்தயச் சைக்கிளைத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே பந்தய விதியைப் படித்த பிறகே கடைக்குப் போக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர், உள்ள பந்தயச் சைக்கிளில் நீண்ட கம்பியை மட்டும் பூட்டிக்கொண்டு அயர்ன்மேனில் கலந்துகொள்ளலாம். அதற்குத் தடை இல்லை.

முதலில் அளவு. பிறகு விலை. அதற்குப் பிறகுதான் பளபளப்பு.