சோடா விற்ற பையனுக்கு ஒரு சல்யூட்!

'திமிரு', 'கொம்பன்', 'பிகில்' படங்களில் முறைச்சுக்கிட்டு வர்ற அந்தக் கறுத்த ஆளை உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் இந்தியக் கால்பந்து அணிக்கே கேப்டனாக இருந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ஐ.எம்.விஜயன்! 2025 ஏப்ரலில் கேரள போலீஸில் துணை கமாண்டன்ட் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பத்மஸ்ரீ விருதும் அதே ஆண்டுதான். 2013இல் சச்சின் ஓய்வு பெற்றபோது நாடே அழுதது. விஜயன் 2003இல் இந்திய அணியை விட்டு விலகியபோது நம்ம பக்கம் யாராவது ஒரு சொட்டு விட்டிருப்பார்களா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1969இல் திருச்சூரில் பிறந்தவர். வீட்டில் கஷ்டம். முனிசிபல் ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும்போது சோடா விற்பாராம். பாட்டிலுக்கு 10 பைசா! மாசி மகத்துக்கு நம்ம தீர்த்தமலை அடிவாரத்தில் சோடா, சர்பத் விற்கிற பசங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். அந்தப் பையனை 17 வயதில் கேரள போலீஸ் அணி எடுத்துக்கொண்டது. என்னைவிட ஒரு வயசு சின்னவர், கையில் அரசாங்க வேலை!

"பந்து சோறு போடுமாடா?" என்று எங்கம்மா கேட்கும். எங்க வீட்டுல பத்தாவதைத் தாண்டினது நான் ஒருத்தன்தான், அது கேட்கிறதுல தப்பே இல்லை. விஜயனுக்குப் போட்டது. ஆனால் சும்மா போடவில்லை. ஊருக்குள் ஒரு ஸ்டேடியம் இருந்தது. ஆட்டத்தைப் பார்த்து வேலை கொடுக்க ஒரு போலீஸ் டீம் இருந்தது. இந்த இரண்டும் இல்லையென்றால் அவர் இன்றைக்கும் சோடாதான் விற்றுக்கொண்டிருப்பார் என்பது என் கருத்து. "திறமை இருந்தா தானா மேல வருவான்" என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்கே போவேன்.

அந்தப் போலீஸ் டீம் 1990, 1991 இரண்டு வருஷமும் பெடரேஷன் கோப்பையை ஜெயித்தது. அப்புறம் வேலையை விட்டுவிட்டு கல்கத்தா மோகன் பகானுக்குப் போனார். (எங்கப்பாவாக இருந்தால் காலை ஒடித்திருப்பார்!) 1993, 1997, 1999 என மூன்று தடவை இந்தியாவின் சிறந்த வீரர். 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக 12ஆவது நொடியிலேயே கோல்! நம்ம ஆளுங்க ஷூ லேஸ் கட்டுறதுக்குள்ள மேட்ச் முடிஞ்ச மாதிரி. 2003இல் ஹைதராபாத் ஆப்ரோ-ஆசியப் போட்டியில் 34 வயதில் 4 கோல் போட்டு, வெள்ளிப் பதக்கத்தோடு இந்திய அணிக்கு விடை கொடுத்தார்.

நம்ம ஊரில் என்ன இருக்கு? கடலை பிடுங்கின காட்டில் இரண்டு கல்லை வச்சு கோல் போஸ்ட். மழை பெய்து உழுதுட்டாங்கன்னா அந்த சீசன் முடிஞ்சது. காலேஜ் வந்தால் டைம்டேபிளில் விளையாட்டு பீரியட் என்று இருக்கும், அதில் ரெக்கார்டு நோட் எழுதிக்கொண்டிருப்போம்.

மாணவர் பேரவை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் ஆண்டு விழாவுக்கு மைக் செட், சீரியல் லைட் என்று செலவு பண்ணுகிறோமே, அதில் கொஞ்சம் குறைத்து இரண்டு பந்தும் ஒரு வலையும் வாங்குங்கள். போஸ்ட்டுக்கு பைப் மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும். வெல்டிங் நம்ம ஒர்க் ஷாப்பிலேயே மெக்கானிக்கல் பசங்க அடிச்சுக் கொடுத்துடுவோம்.