லேட்டா வர்றவர்கிட்ட எப்படிச் சொல்றது?

லேட்டா வர்றவங்களைக் கலாய்க்கிறது நம்ம சாப்ட்வேர் ஆபீஸ்கள்ல ஒரு தேசிய விளையாட்டு. 'குட் ஈவ்னிங் பாஸ்', 'என்ன தல, நேரா லஞ்சுக்கா?'ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்பாங்க, வந்தவரும் சிரிப்பார். மறுநாளும் அதே பத்து பன்னெண்டு.

டெய்லி ஸ்டாண்டப்புக்கு ஸ்க்ரம் கைடு சொல்றது 15 நிமிஷம், தினமும் ஒரே நேரம். எங்க டீம்ல ஏழு பேர் பத்து மணிக்குத் தூண் மாதிரி நிப்போம். எட்டாவது ஆளுக்காக 12 நிமிஷம். பெரிசில்லதான். ஏழால பெருக்கினா 84 நிமிஷம், வாரத்துக்கு 7 மணி நேரம். அதைக்கூட விட்டுடலாம். அவர் பில்டு கொடுத்தாத்தான் டெஸ்டிங் பண்ற பொண்ணுக்கு வேலையே ஆரம்பிக்கும். இவர் காலைல விட்ட நேரத்தை அந்தப் பொண்ணு ராத்திரி கேப் பிடிச்சு ஈடுகட்டுது. கலாய்க்கிற கும்பலுக்கு இது கண்ணுல படறதே இல்ல.

அப்புறம் எங்க லீட் ஒரு ஐடியா கண்டுபிடிச்சார். லேட்டா வந்தா 50 ரூபாய், சமோசா நிதி! என்ன ஆச்சுன்னா, நம்மாளு திங்கக்கிழமையே 250 ரூபாயை மொத்தமாக் கட்டிட்டு நிம்மதியா வர ஆரம்பிச்சுட்டார். சமோசா நல்லாத்தான் இருந்தது :-)

இதைப் பத்தி உரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினின்னு ரெண்டு பேர் 2000-ல ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்காங்க. இஸ்ரேல்ல ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்கள்ல, பிள்ளையைக் கூப்பிட லேட்டா வர்ற பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டுப் பார்த்தாங்க. லேட்டா வர்றவங்க எண்ணிக்கை குறையறதுக்குப் பதிலா கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு. காசு கட்டியாச்சு, இனிமே குற்ற உணர்ச்சி எதுக்கு? அபராதத்தை நிறுத்தின பிறகும் பழைய நிலைமை திரும்பல.

மேனேஜரை சிசி போட்டு மெயில் தட்டறது இன்னும் மோசம். அது சொல்றது இல்ல, போட்டுக் கொடுக்கிறது.

நான் ஒருநாள் அவரைத் தனியா டீக்குக் கூட்டிட்டுப் போனேன். 'நீங்க எப்பவுமே லேட்டு'ன்னு ஆரம்பிச்சா சண்டைதான். அதனால, "இந்த வாரம் பில்டு தள்ளிப் போனதுல அந்தப் பொண்ணு ரெண்டு நாள் ராத்திரி ஒன்பது வரைக்கும் உக்காந்திருந்துச்சுங்க. காலைல உங்களுக்கு ஏதாவது சிக்கலா?"ன்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். இந்த வாயை மூடறதுதான் கஷ்டம்.

அவருக்கு அந்தப் பொண்ணு விஷயம் நிஜமாவே தெரியல. வீட்டம்மாவுக்கு ஷிப்ட் மாறினதுல, பையனை மேடவாக்கத்துல ஒன்பதரைக்கு ஸ்கூல்ல விட்டுட்டு சோழிங்கநல்லூர் வரணும். அந்த டிராபிக்ல பத்துக்கு வர ஹெலிகாப்டர்தான் வேணும். ஸ்டாண்டப்பைப் பத்தரைக்கு மாத்தினோம். பில்டை முதல் நாள் சாயங்காலமே போட்டுட்டுப் போறார்.

காரணமே இல்லாம அசால்ட்டா வர்றவங்களும் உண்டு. அவங்களுக்கும் ஒரு தடவை தனியாச் சொல்லிடலாம். அதுக்கப்புறம் கரெக்ட் டைமுக்கு மீட்டிங்கை ஆரம்பிச்சுடணும், வந்தவருக்காக முதல்லேர்ந்து கதை சொல்லக் கூடாது.

மேனேஜர் இருபது நிமிஷம் கழிச்சு வந்தா மட்டும் அதுக்குப் பேரு லேட் இல்ல, 'பேக் டு பேக் கால்'. அவரை டீக்குக் கூட்டிட்டுப் போகத்தான் எங்க டீம்ல இன்னும் ஆள் தேடிக்கிட்டிருக்கோம்.