தகவலுக்கும் கைவிலங்குக்கும் இடையில்

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பொதுமக்கள் பொலிஸ் மா அதிபருக்கு நேரடியாகத் தகவல்களையும் முறைப்பாடுகளையும் அனுப்புவதற்கென வட்ஸ்அப் இலக்கமொன்று அறிமுகப்படுத்தப்பட்டது. பொலிஸ் நிலைய வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்தும் முறைப்பாடு ஏற்கப்படாமல் திரும்பியவர்களுக்கும், தமது மொழியில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ள ஓர் உத்தியோகத்தர் கிடைக்காமல் அலைக்கழிந்தவர்களுக்கும் இது ஒரு வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அயலவரைப் பற்றி அயலவர் பொலிஸாருக்கு அறிவிக்கும் வழி எவ்வளவுக்கு இலகுவாகின்றதோ, அவ்வளவுக்கு மற்றொரு கேள்வியும் எழவே செய்கின்றது. அனுப்பப்பட்ட தகவல் பொய்யாகவோ, அரைகுறையாகவோ, பகைமையின் வெளிப்பாடாகவோ இருந்தால், அதனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு யாருடையது? கைது செய்வதற்கு முன்னர் அது கண்டுபிடிக்கப்படுமா, பின்னரா?

இக்கேள்வியைத் தமிழ், முஸ்லிம் மக்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கின்றது.

வடக்கிலும் கிழக்கிலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாழ்ந்தவர்களுக்குத் ‘தலையாட்டி’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. சுற்றிவளைக்கப்பட்ட ஊரின் ஆண்கள் வரிசையாக நடத்திச் செல்லப்படுவர். வாகனத்தினுள் முகம் மறைக்கப்பட்ட ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் தலையை ஆட்டினால் அந்த மனிதனின் விதி அவ்விடத்திலேயே மாறிவிடும். இலங்கை இராணுவமும், 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய அமைதிப் படையும் இம்முறையைக் கையாண்டன. அதே காலத்தில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கும் நடவடிக்கைகளின்போது தெற்கின் சிங்களக் கிராமங்களில் ‘கோணி பில்லா’ என்ற பெயரில் இதே உருவம் நடமாடியது. முகமூடிக்குள் இருந்தவர் யார், அவர் எதற்காகத் தலையை ஆட்டினார், உயிருக்கு அஞ்சியா, பழைய கோபத்தினாலா என்று விசாரித்தறிய ஒருவருக்கும் வழியிருக்கவில்லை.

இவ்விடயத்தில் அரசை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஆயுத இயக்கங்களின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்களில், எவரோ சொன்ன ஒரு சொல்லை நம்பித் துரோகி என்று அறிவிக்கப்பட்டு மின்கம்பத்தில் கட்டப்பட்டவர்களின் கதையும் நமது கதைதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதற்குப் பின்னாலும் உளவு பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் நின்றது. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். சிலர் மீதான சந்தேகம் ஒரு முழுச் சமூகத்தின் மீதான தீர்ப்பாக மாறுவதற்கு அவ்வளவு நேரமே போதுமாக இருந்தது.

கொழும்பில் இதே மனப்பாங்கு வேறொரு வடிவத்தை எடுத்தது. வீட்டில் தங்கியிருப்போரின் விபரங்களைப் பொலிஸ் நிலையத்தில் பதிதல், ‘சந்தேகத்துக்கிடமான’ புதியவர்கள் பற்றி அறிவித்தல் என்பன யுத்த காலத்தில் தலைநகரத் தமிழரின் அன்றாட வாழ்வாயின. வடக்கு கிழக்கிலிருந்து வைத்தியத்திற்கோ வெளிநாட்டுப் பயண அலுவலுக்கோ வந்து லொட்ஜில் தங்கிய ஒருவர், தாம் ஏன் வந்தோம் என்பதை நாள்தோறும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதன் உச்சமாக 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்கிற்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார். ஆனால், அந்த 376 பேரும் என்ன செய்தார்கள் என்று எவரும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அவர்கள் இன்ன இடத்தவர்கள் என்பதே போதுமாக இருந்தது.

இதனால் பொலிஸாருக்குத் தகவல் கொடுப்பதே கூடாது என்று வாதிடுவது நமது நோக்கமல்ல. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. வாடகை வீடொன்றில் புதிதாக வந்து குடியேறியவர்கள் மீது அவ்வூர் முஸ்லிம் மக்களுக்குச் சந்தேகம் ஏற்பட்டது. அவர்கள் அதனை மூடி மறைக்கவில்லை. பாதுகாப்புத் தரப்பினருக்கு அறிவித்தனர். அவ்வீட்டினுள் இருந்தவர்கள் சஹ்ரான் ஹாசிமின் தந்தையும் சகோதரர்களும் அவர்களது குடும்பத்தினரும் என்பது பின்னரே வெளிவந்தது. அந்தத் தகவல் கிடைத்திராவிடின் மேலும் எத்தனை உயிர்கள் பலியாகியிருக்கும் என்பதை ஊகிக்கவே அச்சமாக இருக்கின்றது.

அதற்கும் முன்னர் நடந்தவை இன்னும் கூர்ந்து நோக்கப்பட வேண்டியவை. 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் சஹ்ரானின் குழுவினருக்கும் சூபி வழியைப் பின்பற்றுவோருக்கும் இடையில் மோதல் ஏற்பட்ட பின்னர், அவரைப் பற்றி அவ்வூர் மக்களே முறையிட்டனர். இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் பிரதித் தலைவர் ஹில்மி அஹமட், தாக்குதல்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே புலனாய்வு அதிகாரிகளுக்குத் தாம் எச்சரிக்கை செய்ததாகப் பகிரங்கமாகக் கூறியிருந்தார். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. அதன் தொடர்ச்சியாக 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. இந்த விசாரணைகளில் பொலிஸாருக்கு உதவிய மாவனெல்லை முஸ்லிம் ஒருவர், அமைச்சர் கபீர் ஹாசிமின் இணைப்புச் செயலாளராக இருந்தவர், 2019 மார்ச்சில் தமது வீட்டிலேயே தலையில் சுடப்பட்டார். தகவல் கொடுத்த மனிதரைப் பாதுகாக்கவும் முடியவில்லை, அவர் கொடுத்த தகவலின் முழுப் பெறுமதியை உணரவும் முடியவில்லை. ஏப்ரல் மாத முற்பகுதியில் வெளிநாட்டுப் புலனாய்வுத் துறையிடமிருந்து கிடைத்த எச்சரிக்கைக்கு நேர்ந்த கதியை நாடறியும். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வுத் துறைகளின் அன்றைய உயரதிகாரிகள் தனித்தனியே பெருந்தொகைகளும் நட்டஈடாகச் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தமைக்கு இந்த அலட்சியமே காரணம்.

குறிப்பான தகவல்கள் கிடைத்தபோது அசையாத இயந்திரம், ஏப்ரல் 21இன் பின்னர் எந்தத் தகவலுக்கும் பாய்ந்தோடும் இயந்திரமாக மாறியது. அவசரகாலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வீடு வீடாகத் தேடுதல்கள் நடந்தன. அரபு எழுத்துள்ள நூலொன்றை வீட்டில் வைத்திருக்கலாமா, எரித்துவிடுவதா, புதைத்துவிடுவதா என்று முஸ்லிம் குடும்பங்கள் இரவில் கூடிப் பேசின. ஒரு காலத்தில் பாட்டு கசெட்டுகளையும் புகைப்படங்களையும் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்த தமிழ் வீடுகளின் அதே இரவுகள்தாம் இவையும்.

அந்த மே மாதத்தில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் அணிந்திருந்த ஆடையில் அச்சிடப்பட்டிருந்தது தர்மச்சக்கரம் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் செல்லாது. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிட எவரும் முன்வராததால் அப்பெண் இரண்டு வாரங்களுக்கும் மேலாக விளக்கமறியலில் இருந்தார். அவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மீறல் மனுவில் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பொலிஸ் பொறுப்பதிகாரி தமது சொந்தப் பணத்திலிருந்து 30,000 ரூபா செலுத்த வேண்டுமென்பது உத்தரவு. நான்கரை ஆண்டுகள் நடந்த வழக்கின் பெறுபேறு அது.

அதே மாதத்தில் குருநாகலில் நடந்தது மற்றொரு வகை. வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற செய்தி சிங்கள நாளேடொன்றின் முதற்பக்கத்தில் வெளியாகி மறுநாளே அவர் கைதானார். அதன் பின்னரே முறைப்பாடு செய்யுமாறு தாய்மார் கேட்டுக்கொள்ளப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் முன்வந்தனர். முதலில் சந்தேகநபர், பின்னர் முறைப்பாடு என்ற தலைகீழ் ஒழுங்கு அது. அத்தாய்மாரில் பெரும்பாலானோர் பொய் சொல்ல வந்தவர்கள் அல்லர் என்றே நாம் கருதுகின்றோம். நாடு முழுவதும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தமது பழைய வேதனைக்கு அதுவே காரணமாக இருக்குமோ என்று ஒரு பெண் ஐயுறுவது இயல்பு. அந்த ஐயத்தைச் சான்றாக எண்ணி எண்ணிக்கை காட்டியதே தவறு. குற்றச்சாட்டை உறுதிப்படுத்தும் சான்று இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்திற்கு அறிவித்த பின்னரும் வைத்தியர் 2019 ஜூலை இறுதியில்தான் பிணையில் வெளிவந்தார். 2022இல் தமக்குக் கிடைத்த சம்பள நிலுவையை அவர் நாட்டின் மருந்துத் தட்டுப்பாட்டைப் போக்க அன்பளிப்புச் செய்தார் என்பதையும் இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

சாய்ந்தமருதுக்கும் ஹசலகவுக்கும் உள்ள வேறுபாடு என்ன? முன்னையதில் மக்கள் கண்டது செயல். யாரென்று அறியாத ஒரு கூட்டம் ஊருக்குள் வந்து வீடெடுத்து ஒளிந்திருந்ததை அவர்கள் கண்டார்கள். பின்னையதில் பார்வைக்குப் பட்டது அடையாளம். ஒரு பெண், அவளது ஆடை, அவளது மார்க்கம். முன்னையது விசாரணைக்கு வழி காட்டியது. பின்னையதில் விசாரிக்க எதுவுமே இருக்கவில்லை. ஆயினும் கைது நடந்தது.

சட்டம் இந்த வேறுபாட்டை அறியாததல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்ய நியாயமான முறைப்பாடு, நம்பத்தகுந்த தகவல் அல்லது நியாயமான சந்தேகம் இருக்க வேண்டுமெனக் கூறுகின்றது. வெறும் முறைப்பாடு போதாது. அதற்கும் நீண்ட காலத்திற்கு முன்னர், 1951இல் முத்துசாமி எதிர் கன்னங்கர வழக்கில், ஊகத்தையும் தெளிவற்ற எண்ணத்தையும் அடிப்படையாகக் கொண்ட சந்தேகத்தில் பொலிஸ் அதிகாரி ஒருவர் செயற்படலாகாது என்று நீதியரசர் கிரேஷியன் தெளிவாக எடுத்துரைத்திருக்கிறார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டக் கல்லூரியில் படிக்கப்படும் தீர்ப்பு பொலிஸ் நிலையத்தின் கதவைத் தாண்டி உள்ளே செல்லத் தயங்குகின்றது போலும்.

ஆனால், வேறு சட்டங்கள் அதிகாரிகளை எதிர்த்திசையில் தள்ளின. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அச்சட்டத்தின் கீழான குற்றம் பற்றி அறிந்திருந்தும் பொலிஸாருக்கு அறிவிக்கத் தவறுவதை ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமாக்கியது. அறிந்திருப்பது மாத்திரமன்றி, அவ்வாறு நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தாலே போதும் என்று அது எழுதப்பட்டது. தன் வீட்டில் ஓர் இரவு தங்கிய உறவினன் யாரென்று ஒரு தாய்க்குத் தெரிந்திருந்ததா என்பது பின்னர் ஓர் அதிகாரியின் தீர்மானத்திற்கு உரியதாகிவிடும். இத்தகைய நிலையில் அச்சமுற்ற ஒருவர் என்ன செய்வார்? சந்தேகம் இல்லாதபோதும் சொல்லிவைப்பதே பாதுகாப்பு என்று கருதுவார். மறுபுறத்தில், பொய்த் தகவல் கொடுத்து அரச உத்தியோகத்தர் மூலம் பிறருக்குத் தீங்கிழைப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் 180ஆம் பிரிவின் கீழ் குற்றமே. பொய்க் குற்றச்சாட்டுக்கு 208ஆம் பிரிவு இருக்கின்றது. 2019இல் பொய்யென வெளியான முறைப்பாடுகளைக் கொடுத்தோர் மீது இப்பிரிவுகள் பாய்ந்ததாக வாசகர்கள் எத்தனை முறை கேள்விப்பட்டிருப்பார்கள்? சொல்லாதவருக்குத் தண்டனையும், பொய் சொன்னவருக்கு மறதியும் என்பதே நடைமுறையாயிற்று.

நமது ஊர்களின் இயல்பையும் இங்கு மறந்துவிடலாகாது. வேலிக் கதியால் ஒரு முழம் நகர்ந்ததற்காக மூன்று தலைமுறை வழக்காடியவர்கள் நாம். பெட்டிசம் எழுதுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்களும் நாம்தான். காணிப் பிணக்கு, கொடுக்கல் வாங்கல், பள்ளிவாசல் நிர்வாகப் போட்டி, கோயில் தர்மகர்த்தா சபைத் தகராறு, எதிர்க்கடையின் வியாபாரம் என்று மொட்டைக் கடிதத்திற்கான காரணங்களுக்குக் குறைவில்லை. முன்னர் அக்கடிதம் கச்சேரிக்கோ கல்வித் திணைக்களத்திற்கோ போய் அங்கேயே உறங்கும். அதே கடிதம் பயங்கரவாதம் என்றோ போதைப்பொருள் என்றோ ஒரு சொல்லைத் தாங்கிச் செல்லுமானால் உறங்காது. 2023 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்ட ‘யுக்திய’ நடவடிக்கையில் சில வாரங்களுக்குள் பல்லாயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டதையும், 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் அது பற்றிக் கவலை வெளியிட்டதையும் கண்டோம். போதைப்பொருள் நமது இளைஞர்களை அழிக்கின்றது என்பது உண்மை. அந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் அயலவரின் கோபத்திற்கு இலக்கானவர்கள் என்று கேட்பதும் அவ்வளவுக்கு நியாயமானது.

வட்ஸ்அப் இலக்கத்திற்கு வரும் ஒவ்வொரு தகவலும் வேறொரு வழியில் சரிபார்க்கப்பட்ட பின்னரே கைது செய்யப்பட வேண்டுமென்ற எழுத்து மூலமான பணிப்புரையைப் பொலிஸ் மா அதிபர் வெளியிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தகவலாளியின் அடையாளம் வெளியே கசியாமல் காக்கப்பட வேண்டும். மாவனெல்லைச் சம்பவம் அதற்குச் சாட்சி. அதேவேளை, கைது செய்த அதிகாரி எதை நம்பி அவ்வாறு செய்தார் என்பதை முதல் நாளிலேயே நீதிவான் கேட்டறிய வேண்டும். தகவலைச் சோதிக்கும் பொறுப்பை நான்கரை ஆண்டுகளின் பின்னர் உயர் நீதிமன்றத்திடம் விட்டுவைக்க முடியாது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கிப் புதிய சட்டமொன்றைக் கொண்டுவருவதாக அரசாங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறி வந்துள்ளன. அத்தகைய வரைவுகளில் தடுத்துவைக்கும் காலம் பற்றியும், பொலிஸாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பற்றியும் நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் உரத்துப் பேசுகின்றனர். பேசவும் வேண்டும். ஆனால் அறிவிக்கத் தவறுவதைக் குற்றமாக்கும் வாசகம் எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டுத் தண்டனையுடன், எந்தச் சொற்களில் மீண்டும் நுழைகின்றது என்பதைத் தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் ஒன்றாக அமர்ந்து வரிக்கு வரி படித்துப் பார்ப்பார்களா என்பதே நாம் அவர்களிடம் கேட்க விரும்புவது.